நின்ற இடத்தில் லாரி இன்ஜின் ஏன் சூடாகிறது? வாளையார் எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை–பாலக்காடு சாலையில் க.க.சாவடியைத் தாண்டி வாளையார் போகிற வழியில் லாரி வேலை பார்க்கிறவன் நான். "ஓடும்போது ஒண்ணும் இல்லைண்ணே, நின்னாத்தான் ஹீட் மீட்டர் முள் ஏறுது" என்று சொல்லிக்கொண்டு நிறைய டிரைவர்கள் வருகிறார்கள். இந்த எல்லையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கஞ்சிக்கோடு கம்பெனி வாசலில் லோடு வரிசை, டோல்கேட், ஆர்டிஓ சோதனை, சிமெண்ட் ஏற்றக் காத்திருப்பது என்று எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடி வரிசை போன பிறகு நிற்கும் நேரம் குறைந்தது. கேள்வி குறையவில்லை.

அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஃபேனில் இருந்த கோளாறுக்கு இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றிப் பெரிய பில் போட்ட வண்டிகளைப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஓடும்போது நார்மல், நின்றால் ஹீட். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

காற்றிலிருந்து. வண்டி 50, 60 வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே, இன்ஜின் தண்ணீரைக் குளிர வைக்கும் ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை எடுத்துவிடும். ஃபேன் செத்துப் போயிருந்தாலும் சமதளத்தில் தெரியாது. வண்டி நின்றதும் அந்தக் காற்று போய்விடுகிறது. பிறகு ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சும்மா நிற்கும் டீசல் இன்ஜின் உண்டாக்குகிற சூடு மிகவும் கொஞ்சம். லோடோடு மேடு ஏறும்போது வரும் சூட்டில் அது சின்னப் பங்குதான். அந்தக் கொஞ்சம் சூட்டைக்கூட வெளியேற்ற முடியவில்லை என்றால், ரேடியேட்டர் வழியாகக் காற்றே போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. நின்றால் சரியாக இருக்கிறது, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது மட்டும் முள் ஏறுகிறது என்றால், ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாய்கள் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். நின்றாலும் ஏறுகிறது, ஓடினாலும் ஏறுகிறது என்றால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைவு, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு), கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) இந்த மூன்றும் பட்டியலுக்குள் வரும்.

ஆகவே பட்டறைக்கு வரும்போது "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது ஏறுகிறது, நின்று எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது, ஏசி போட்டிருந்ததா, கிளம்பினால் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, கூலன்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது, இவ்வளவையும் சொல்லுங்கள். கிளம்பி ஒரு கிலோமீட்டருக்குள் முள் இறங்கிவிடுகிறது, கூலன்டும் குறைவதில்லை என்று சொல்கிற டிரைவர் மெக்கானிக்கின் வேலையில் பாதியை முடித்துவிட்டார்.

வரிசையில் நிற்கும்போதே முள் சிவப்பை நோக்கிப் போகிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1000 முதல் 1200 ஆர்பிஎம் வரை வைத்துப் பாருங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் கூடுதல் வேகத்தில் சுற்றும். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். டிரைவருக்கு வேகும், இன்ஜின் பிழைக்கும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்கினால் நல்லது. இறங்காமல் மேலே ஏறினாலோ, ஆவி வந்தாலோ, கூலன்ட் வார்னிங் விளக்கு எரிந்தாலோ உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாத இன்ஜினை ரெய்ஸ் பண்ணினால் ஹெட் வளைந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் அழுத்தத்தில் கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் அது அத்தனையும் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் சுற்று மட்டும் திருப்பி அழுத்தத்தை விடுங்கள். சத்தம் முழுதாக நின்ற பிறகு கழற்றுங்கள்.

சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. ஹெட் விரிசல் விட்டுவிடும். அவசரம் என்றால், மேலே சொன்னபடி மூடியைக் கழற்றிய பிறகு, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஆறும்வரை காத்திருந்து ஊற்றுவது அதைவிட நல்லது.

ஃபேன் சுற்றுகிறதே, அப்புறம் எப்படி ஃபேன் கோளாறு என்கிறீர்கள்?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். இப்போதைய லாரிகள் பலவற்றில் இருப்பது விஸ்கஸ் ஃபேன். இன்ஜினோடு நேராகப் பூட்டாமல், நடுவில் சிலிகோன் எண்ணெய் நிறைந்த ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால், கிளட்சின் முகப்பில் இருக்கும் பட்டைச் சுருள் அதை உணர்ந்து உள்ளே வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். அப்போதுதான் 'ஹூம்' என்று பெரிய சத்தத்தோடு காற்றை இழுக்கும். காற்று குளிர்ந்தால் பிடி தளரும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், டீசல் மிச்சமாகும்.

எண்ணெய் கசிந்து போன கிளட்சும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க நன்றாகத்தான் தெரியும். ஆனால் காற்றை இழுக்கப் பலம் இருக்காது.

சோதிப்பது இப்படி. இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஃபேன் இலையைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். இழுத்துப் பிடித்தாற்போல் உடனே நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. தடையே இல்லாமல் இரண்டு மூன்று சுற்று தன்னால் ஓடினால் கிளட்ச் போய்விட்டது. கிளட்சின் மேல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அது கசிவின் அடையாளம். ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கவும் வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அதை அப்படியே விட்டால் ஒருநாள் இலை ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

சில பிஎஸ்6 (புதிய புகை மாசு விதிப்படி வந்த) வண்டிகளில் இந்தக் கிளட்சை இன்ஜின் கணினியே ஒரு ஒயர் வழியாக இயக்குகிறது. அதில் சுருள் இருக்காது. சாக்கெட் கழன்றாலோ ஒயர் அறுந்தாலோ கோளாறு. ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளட்ச் வாங்க வேண்டும்.

சிலர் கிளட்ச் போனதும் வெல்டிங் வைத்து ஃபேனை நிரந்தரமாக இறுக்கிவிடுகிறார்கள். நடு ரோட்டில் மாட்டிக்கொண்டு ஊர் சேருவதற்காக, லாக் பண்ண வசதியுள்ள மாடலில் போல்ட் போட்டு லாக் பண்ணுவது வேறு விஷயம். நிரந்தரமாக வெல்டிங் வைத்தால் டீசல் போகும், பெல்ட் போகும், அதிவேகத்தில் இலை உடைந்து பறக்கவும் வாய்ப்புண்டு. செய்யாதீர்கள்.

கருவி எதுவும் இல்லாமல் காற்று இழுக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும். ஒரு முழுத்தாள் செய்தித்தாள் போதும். இன்ஜின் சூடாகி ஃபேன் பிடிக்கும் நேரத்தில், வண்டியின் முன்பக்கம் கிரில்லின் மேல் தாளை வையுங்கள். கையை எடுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்திப் பாருங்கள். எங்குமே ஒட்டவில்லை என்றால் ஃபேன் கோளாறு. ஒரு பக்கம் ஒட்டி ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் அடைப்பு. இன்ஜின் பச்சையாக, அதாவது சூடேறாமல், இருக்கும்போது விஸ்கஸ் ஃபேன் பிடிக்காது, அப்போது தாள் ஒட்டாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபேன் பக்கம் போய்ச் சோதிக்கவே கூடாது, முன்பக்கம் மட்டும்தான்.

ரேடியேட்டர் முன்னால் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. இருந்தும் அடைப்பு என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

நம்பலாம். நீங்கள் முன்னால் பார்ப்பது ரேடியேட்டர் அல்ல, டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர். ஏசி வண்டி என்றால் அதற்கும் முன்னால் கண்டென்சர். ரேடியேட்டர் கடைசியில் நிற்கிறது. தூசி, நார் எல்லாம் இன்டர்கூலரைத் தாண்டிப் போய் இரண்டுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்துவிடும். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும். போல்ட்டைக் கழற்றி இன்டர்கூலரை முன்னால் சாய்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்தப் பக்கத்து வண்டிகளில் மூன்று வகை அடைப்பைப் பார்க்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகத் தேங்காய் நார், நார்த்தூள் ஏற்றிப் போகும் வண்டிகள் ஒரு வகை. அந்த நார் மெல்லியது, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் ஊசிபோல் குத்திக்கொண்டு நிற்கும். இரண்டாவது, பாலக்காட்டு அறுவடைக் காலத்தில் வைக்கோல் லோடு ஏற்றும் வண்டிகள். மூன்றாவதுதான் கஷ்டமானது, சிமெண்ட் வண்டி. அதில் முதலிலேயே தண்ணீர் அடித்துவிடாதீர்கள். ஃபின்னுக்குள் இருக்கும் சிமெண்ட் ஈரம் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு ரேடியேட்டரின் உள்பாகமான கோர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. முதலில் காய்ந்த நிலையிலேயே ஃபேன் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கிக் காற்று அடித்து, தூள் வருவது முழுதாக நின்ற பிறகுதான் தண்ணீர்.

மற்ற வண்டிகளுக்கும் அடிக்கும் திசை அதேதான். எந்தப் பக்கமிருந்து குப்பை நுழைந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து தள்ள வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும். மடங்கிய ஃபின்னும் அடைப்புதான். தள்ளி நின்று, நேராக, குறைந்த அழுத்தத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

டீசல் அடித்துக் கழுவுகிற பழக்கமும் வேண்டாம். மிஞ்சும் எண்ணெய்ப் பசையில் அடுத்த வாரமே தூசி ஒட்டும். ஏற்கெனவே எண்ணெய்ப் பசை இருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவி, அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் இன்ஜின் பிரீதர் குழாய் அல்லது முன் ஆயில் சீல்.

ஃபேன் புதுசு, ரேடியேட்டர் கழுவியாச்சு. இன்னும் ஏறுகிறதே?

ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டைப் பாருங்கள், அதாவது ஷ்ரவுட். ஆக்ஸிடென்ட் வேலை முடிந்து வரும் வண்டிகளில் இது உடைந்தோ, இல்லாமலோ, வேறு மாடல் கூண்டு மாட்டியோ வருகிறது. கூண்டு இல்லை என்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காது, பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் ஓரங்களில் இருக்கும் ரப்பர், ஸ்பாஞ்ச் பட்டைகளும் அதற்குத்தான். அவை கிழிந்தால் பின்னால் போன சூடு சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழையும். ஓடும்போது எதிர்க்காற்று அதைத் தள்ளிவிடும். நிற்கும்போது தள்ள ஆளில்லை.

ஃபேனைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்றும் பாருங்கள். திருப்பிப் போட்டால் காற்று எதிர்ப்பக்கம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அதே திசையில்தான் போகும், ஆனால் பலம் குறைந்துவிடும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளாகிறது.

பழைய வண்டிகளில் பெல்ட்டையும் விடாதீர்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் என்றால் லூஸ். தேய்ந்த பெல்ட் புல்லியின் அடியில் உட்கார்ந்து வழுக்கும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் அதுதான்.

ரேடியேட்டரில் குமிழி வருகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும் என்கிறார்கள். இறக்கலாமா?

பொறுங்கள். அதற்கு முன் ஏர் கம்ப்ரஸரைப் பார்க்க வேண்டும்.

லாரியில் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் இருக்கிறது அல்லவா? அதன் ஹெட் பல வண்டிகளில் இன்ஜின் கூலன்டால்தான் குளிர்கிறது. அந்தச் சின்ன ஹெட்டின் கேஸ்கட் போனால் அழுத்தக் காற்று நேராகக் கூலன்டுக்குள் வரும். குமிழி வரும், டாங்கிலிருந்து கூலன்ட் பொங்கி வெளியே போகும், ஹோஸ் இறுகும். பார்க்க அச்சு அசலாக இன்ஜின் ஹெட் கேஸ்கட் போனது போலவே இருக்கும். வரிசையில் நிற்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றுக் குறைய, கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப அடைக்கும். ஆக நின்ற இடத்தில் ஹீட் என்ற புகாருக்கும் இது பொருந்திப் போகிறது.

பிரித்தறிவது கஷ்டமில்லை. காற்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே குமிழியைப் பாருங்கள். காற்று ஏறும்போது குமிழி அதிகமாகி, காற்று டாங்க் நிறைந்து 'புஸ்' என்று வால்வு விட்டபின் குமிழி அடங்கினால் கம்ப்ரஸர்தான். சந்தேகம் இருந்தால், இன்ஜின் ஆறியபின் கம்ப்ரஸருக்குப் போகும், வரும் கூலன்ட் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி நின்றதா, இன்ஜின் ஹெட்டைத் தொடவே வேண்டாம். கம்ப்ரஸர் கேஸ்கட் அரை நாள் வேலை. இன்ஜின் ஹெட் அப்படியா? மெஷின் ஷாப், கேஸ்கட் செட், கூலி, வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம், அதற்கு மேல் தவணை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட் கழற்றச் சொல்லும் எவரிடமும், முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இன்ஜின் ஹெட் கேஸ்கட்டே போயிருந்தால் குமிழி காற்று மீட்டரைப் பற்றிக் கவலைப்படாமல் வந்துகொண்டே இருக்கும். பச்சை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். கூலன்டில் புகை வாசம் வரும். ஆயில் டிப்ஸ்டிக்கில் காபி நிறம் தெரியலாம், சைலன்சரில் வெள்ளைப் புகையும் வரலாம். இன்னொன்று, ஹெட் கேஸ்கட் கோளாறு முதலில் லோடில், மேட்டில்தான் தலை காட்டும். மேட்டில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், நின்றால் மட்டும் ஏறுகிற வண்டிக்கு ஹெட் கேஸ்கட் என்று சொன்னால் நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும் என்கிறார்களே?

பழைய வண்டிகளில் பலரும் செய்தது. ஆனால் நிறைய இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரம் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்குள் வந்துவிடும். ஐட்லிங்கில், அதாவது இன்ஜின் சும்மா ஓடி நிற்கும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவதற்குப் பதில் கூடும். பைபாஸ் இல்லாத இன்ஜினில் வேறு தொல்லை: சரியான சூட்டுக்கே வராமல் ஓடி, டீசல் கூடுதலாகக் குடித்து, சிலிண்டருக்குள் இருக்கும் லைனரைத் தேய்க்கும்.

சந்தேகம் என்றால் சோதியுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் சூடாக்குங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி பக்கம் திறக்கத் தொடங்கி, 95 பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பாதியில் நின்றால் மாற்றுங்கள். விலை பெரிதில்லை. பொறித்திருக்கும் எண்ணிலேயே வாங்குங்கள்.

டெம்பரேச்சர் கன் வாங்கினால் உபயோகமா?

மிகவும். வண்டி வைத்திருப்பவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் உபயோகம், மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் 85 காட்டும்போது டேஷ்போர்டு முள் சிவப்பில் நின்றால் சென்சார், ஒயர் அல்லது எர்த் கோளாறு. இன்ஜினைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, ரேடியேட்டருக்குள் போகும் மேல் ஹோஸையும் வெளியே வரும் கீழ் ஹோஸையும் அளப்பது. ஹீட் ஏறும் நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால், தண்ணீர் ஓடுகிறது, ஆனால் காற்று சூட்டை எடுக்கவில்லை: ஃபேன், கூண்டு, வெளி அடைப்பு. மேலே கொதிக்கிறது, கீழே கை வைக்கிற சூடுதான் என்றால், காற்று வேலை செய்கிறது, தண்ணீர் ஓடவில்லை: தெர்மோஸ்டாட், பம்ப், உள் அடைப்பு. கன் இல்லாவிட்டால், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கிட்டே கொண்டுபோனாலே ஓரளவு தெரியும்.

கூலன்ட் விலை அதிகம். போர் தண்ணீர் ஊற்றினால் என்ன?

கிழக்குப் பாலக்காட்டிலும் கோவைப் பக்கமும் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் படிகிறது. மேலாகப் பார்த்தால் தண்ணீர் நிறைய இருக்கும், சூடு மட்டும் இறங்காது. துருவும் சேர்ந்தால் பம்பின் இறக்கைகள் அரித்துப் போகும். பம்ப் சத்தமில்லாமல், கசிவில்லாமல் இருக்கும், தண்ணீரைத் தள்ளாது.

வண்டிக்கான புத்தகத்தில் சொன்ன கூலன்டைச் சொன்ன விகிதத்தில் ஊற்றுங்கள். கலக்கத் தேவைப்பட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். வழியில் ஆபத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊர் வந்ததும் மாற்றிவிடுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் வகை வேறாக இருக்கலாம், கலந்தால் சிலது கூழாகிவிடும்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே முள் மேலும் கீழும் ஆடினால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, ஏர் விடும் திருகு இருந்தால் அதையும் தளர்த்தி, மெதுவாக ஊற்றி நிரப்புங்கள்.

ரேடியேட்டர் மூடி இவ்வளவு முக்கியமா?

ஆமாம். மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.7 பார் மூடி பிடித்தால் 115 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 15 டிகிரி பாதுகாப்பு போச்சு. முள் நடுவைக் கொஞ்சம் தாண்டியதுமே பொங்கி வழியும். வேறு வண்டி மூடியை மாட்டாதீர்கள், எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நிற்கிறோம். எதிர்ச் சாரி வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்கு மட்டும் ஏறுகிறது. ஏன்?

காற்றின் திசையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று சாதாரணமாக அடிப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கே. வரிசையில் நிற்கும் வண்டிக்குக் காற்று பின்னாலிருந்து வந்தால், அது ஃபேன் தள்ளும் சூட்டை வண்டியின் அடியில் சுருட்டி முன்னுக்கே கொண்டுவரும். நல்ல வண்டி தாங்கும், பலவீனமான ஃபேன் தாங்காது. ஆனியில் கோவை நோக்கி நிற்கும் வண்டிக்கும், தையில் பாலக்காடு நோக்கி நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும். நிறுத்த இடம் கிடைத்தால் மூக்கைக் காற்றுக்கு எதிராக வையுங்கள்.

முன்னால் நிற்கும் லாரியின் பின்னால் ஒட்டி நிற்பதும் கூடாது. அதன் புகையும் சூடும் உங்கள் கிரில்லுக்குள்தான் வரும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கொதிக்கும் தார் ரோட்டுக்கு மேல் நிற்கும் வண்டிக்குக் கிடைக்கும் காற்று அதைவிடச் சூடு.

ஏசி கேபின் வண்டி. ஏசி போட்டால்தான் ஏறுகிறது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவர்களுக்குக் காலம் தாழ்ந்து வந்த நியாயம் அது. கம்பெனியில் பொருத்திய ஏசிக்கு ஏற்ப ஃபேனும் ரேடியேட்டரும் கணக்கிட்டிருப்பார்கள், அதில் ஏறினால் மேலே சொன்ன கோளாறுகளைத் தேடுங்கள். பழைய வண்டியில் வெளியே வாங்கிப் பொருத்திய ஏசி என்றால், கண்டென்சரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் ஒட்டி மாட்டியிருப்பார்கள். அதற்குத் தனி மின்சார ஃபேன் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கான்கிரீட் மிக்ஸர் வண்டி சைட்டில் நிற்கும்போது மட்டும் ஏறுகிறது.

அது வெறும் ஐட்லிங் அல்ல. டிரம்மைச் சுற்ற இன்ஜின் உழைத்துக்கொண்டிருக்கிறது, எதிர்க்காற்று மட்டும் இல்லை. ஃபேன் பாதிப் பலத்தில் இருந்தாலும் இந்த வண்டியில் தெரிந்துவிடும். ஹைட்ராலிக் ஆயில் கூலரும் அடைத்திருக்கிறதா பாருங்கள். சிமெண்ட் தூள் பற்றி மேலே சொன்னது இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

பிஎஸ்6 வண்டி. நின்றுகொண்டிருக்கும்போது ஆர்பிஎம் தன்னால் ஏறி, அனல் அடிக்கிறது.

டிபிஎஃப் ரீஜெனரேஷனாக இருக்கலாம். சைலன்சர் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கிறது. அங்கே 600 டிகிரி அளவுக்குச் சூடு போகும். கூலன்ட் முள் சிவப்புக்குப் போகாதவரை பயமில்லை. காய்ந்த புல், வைக்கோல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

கூலன்ட் வெளியே எங்கும் சொட்டாமல் குறைந்துகொண்டே போனால், புகையில் ஒரு பங்கைக் குளிர வைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும், நீங்கள் தரையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை மூடி வேகத்தைக் குறைப்பது) உள்ள வண்டிகளில் அதன் தகடு பாதி மூடியபடி சிக்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். புகை வெளியேற முடியாமல் திணறினால் நின்ற இடத்திலேயே சூடேறும், பிக்கப்பும் இருக்காது.

மேடு ஏறி வந்து நிறுத்தியதும் முள் கொஞ்சம் ஏறுகிறது. இதுவும் கோளாறா?

இல்லை. உழைத்த இரும்பில் தேங்கிய சூடு தண்ணீருக்கு வருகிறது, எதிர்க்காற்றும் நின்றுவிட்டது. மூன்று நான்கு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் இறங்கிவிடும், டர்போவுக்கும் அது நல்லது. ஏறிக்கொண்டே போனால்தான் கோளாறு.

பிக்கப், மினி டிரக் போன்ற சின்ன வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

காற்று பற்றிய கணக்கு அதேதான். மின்சார ஃபேன் உள்ள வண்டியில் முதலில் ஃப்யூஸ், ரிலே, பிறகு சாக்கெட், அப்புறம்தான் மோட்டார். ஏசி போட்டதும் ஃபேன் ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சூட்டை உணரும் சென்சாரைப் பாருங்கள். ஏசி போட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துச் சோதியுங்கள். இந்த ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். கையை வைக்கும் முன் சாக்கெட்டைப் பிடுங்கிவிடுங்கள்.